தேசிய பாதுகாப்பு மூலோபாயம்: கிழக்கிலிருந்து எதைக் கேட்பது?

தேசிய பாதுகாப்பின் பெயரால் கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சோதனைச் சாவடியாகவோ, முகாமாகவோ, காணி அறிவித்தலாகவோ வந்து சேர்கின்றன. அந்த முடிவுக்கு முன்னர் என்ன மதிப்பீடு நடந்தது, எந்த ஆபத்துக்கு முதலிடம் தரப்பட்டது என்பது நம்மவர்களுக்குத் தெரியவருவதில்லை. 2019 இல் வென்ற கோட்டாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனத்தில் முதல் அத்தியாயமே தேசிய பாதுகாப்புத்தான். 2023 ஜனவரியில் இராணுவத்தின் ஆளணி 2030 க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஏன் ஒரு இலட்சம், ஏன் எண்பதாயிரம் இல்லை, எஞ்சுபவர்கள் எந்த மாவட்டத்தில் எதற்காக நிற்பார்கள் என்ற கணக்கு அந்த அறிவிப்பில் இல்லை.

வேறு பல நாடுகளில் இந்தக் கணக்கை எழுதி வெளியிடும் வழக்கம் இருக்கிறது. அதையே தேசிய பாதுகாப்பு மூலோபாயம் என்கிறார்கள். நாட்டை எது அச்சுறுத்துகிறது, எதைக் காப்பது முதல் வேலை, அதற்கு எந்த அமைச்சு பொறுப்பு என்பதைச் சொல்லும் ஆவணம் அது. இலங்கை அரசாங்கம் அப்படியொன்றை எழுத முன்வந்தால், இங்குள்ள பள்ளிவாசல் சம்மேளனங்களும், ஆலய பரிபாலன சபைகளும், திருச்சபைகளும், கடற்றொழிலாளர் சங்கங்களும், பண்ணையாளர்களும் ஒரே மகஜரில் எந்த முறையைக் கேட்க வேண்டும்? ஆவணம் வேண்டும் என்று மட்டும் கேட்பது ஆபத்தானது. சில முறைகள் நமக்கு இப்போது இருப்பதைவிட மோசமான நிலையைக் கொண்டுவரும்.

எதையும் வெளியிடாமல் இருப்பதும் ஒரு முறைதான். இந்தியா அந்த வழியில்தான் போகிறது. 1998 இல் தேசிய பாதுகாப்புச் சபையை அமைத்தார்கள்; ஆலோசகர் பதவியும் உண்டு. 2018 இல் அமைக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமிடல் குழுவிடம் மூலோபாய வரைவும் ஒப்படைக்கப்பட்டது. பொதுமக்கள் படிக்கும் முழு மூலோபாயம் மட்டும் வரவில்லை. எதிரிக்கு நம் கையைக் காட்டக் கூடாது, எழுதிவைத்தால் பிறகு வளைந்து கொடுக்க முடியாது என்பது இதற்கான வாதம். அணுவாயுதம் வைத்திருக்கும் அயலவர் இருவரோடு எல்லைத் தகராறு உள்ள நாட்டுக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். அந்த இந்தியாவே கார்கில் போருக்குப் பிறகு மீளாய்வுக் குழுவின் அறிக்கையைச் சில பகுதிகளை நீக்கிவிட்டு 2000 இல் பாராளுமன்றத்தில் வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் மௌனம் எவ்வளவு பாதுகாப்புத் தந்தது என்பதற்கு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் சாட்சி. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தவர்களில் பலர் குழந்தைகள். ஐந்து நாட்களுக்குப் பிறகு சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பிலும் குழந்தைகள் இறந்தார்கள். தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு 2018 அக்டோபருக்குப் பிறகு பிரதமர் அழைக்கப்படவே இல்லை என்று பாராளுமன்றத் தெரிவுக்குழு பதிவு செய்தது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் மனக்கசப்பு வந்தால் நாட்டின் பாதுகாப்புச் சபையே பாதியாகச் சுருங்கிவிடும் நிலை இருந்தது. யார் கூட வேண்டும், எத்தனை நாளுக்கொரு முறை, வந்த தகவல் யாருக்குப் போக வேண்டும் என்ற சாதாரண ஒழுங்கை ஆளுக்காள் மாற்ற முடிந்தது. எனவே இந்திய வழியை நான் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். இரகசியம் எதிரியிடமிருந்து மறைத்ததைவிட, பொறுப்பானவர்களின் கவனக்குறைவை நம்மிடமிருந்து மறைத்ததே அதிகம்.

பாகிஸ்தான் பாதி வழி வந்தது. பல ஆண்டுகள் வரைவு செய்த தேசிய பாதுகாப்புக் கொள்கையை அமைச்சரவை 2021 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 14 இல் இம்ரான் கான் அதன் பொதுப் பதிப்பை வெளியிட்டார். முழு ஆவணம் இரகசியம், சுருக்கம் பகிரங்கம். குடிமக்களின் நலனே பாதுகாப்பின் மையம் என்று அந்தச் சுருக்கம் அழகாகச் சொல்கிறது. எதிர்க்கட்சிகளோ தம்மோடு ஆலோசிக்கவில்லை என்று குறைகூறின. மூன்று மாதத்தில் அந்த ஆட்சியே நம்பிக்கையில்லாப் பிரேரணையில் கவிழ்ந்தது. ஒரு கட்சியின் பிள்ளையாகப் பிறந்த ஆவணம், அக்கட்சி போனதும் அநாதையாகிறது. கொழும்பு எடுக்கக்கூடிய வழிகளில் இதுவே மிக இலகுவானது என்பதால் இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பளபளப்பான அட்டை, மூன்று மொழியில் முன்னுரை, வெளியீட்டு விழா எல்லாம் இருக்கும். செய்வது எதுவோ அது இரகசியப் பகுதியில் இருக்கும்.

அமெரிக்க முறை இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. 1986 இல் கொண்டுவந்த கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டப்படி ஜனாதிபதி ஆண்டுதோறும் காங்கிரசுக்கு மூலோபாயத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். இரகசியப் பதிப்பு, பகிரங்கப் பதிப்பு இரண்டும் உண்டு. முதலாவது 1987 இல் றீகன் காலத்தில் வந்தது. ஆண்டுதோறும் என்ற விதியைப் பின்வந்தவர்களில் பலர் மதிக்கவில்லை. புஷ் 2002, 2006 ஆம் ஆண்டுகளிலும், ஒபாமா 2010, 2015 ஆம் ஆண்டுகளிலும் வெளியிட்டார்கள். பைடனின் ஆவணம் பதவியேற்று ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்து 2022 அக்டோபரில் வந்தது. தாமதித்ததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இருந்தாலும் ஒரு பயன் இருக்கிறது. 2002 ஆவணத்தில், தாக்குதல் வருமுன்பே தாக்கலாம் என்ற கொள்கை அச்சில் வந்தது. ஆறு மாதத்தில் ஈராக் போர் தொடங்கியது. போரை அந்த ஆவணம் தடுக்கவில்லை. ஆனால் அரசாங்கம் எந்தத் திசையில் போகிறது என்பதை வாதிடுவதற்கு ஒரு வாசகம் மக்கள் கையில் இருந்தது.

ஸ்பெயின் அந்தச் சட்டக் கட்டாயத்தை நடைமுறைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டது. 2015 இன் தேசிய பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கொரு முறை மூலோபாயம் மீளாய்வு செய்யப்பட வேண்டும். ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். கட்டலோனியா, பாஸ்க் போன்ற தன்னாட்சிப் பிரதேசங்களும் மத்திய அரசும் பாதுகாப்பு விடயங்களில் சேர்ந்து பேசுவதற்கான மன்றத்தையும் அச்சட்டம் ஏற்படுத்தியது. இதைப் படிக்கும்போது கிழக்கு மாகாண சபையின் நினைவு வராமல் இருக்காது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. மாகாணத்தின் குரல் என்று அனுப்புவதற்கு ஆளுநரைத் தவிர எவரும் இல்லாத நிலையில், இப்படியொரு மன்றத்தை இலங்கையில் கேட்டால் அதில் கிழக்கின் கதிரையில் கொழும்பு நியமித்த ஒருவரே அமர்வார். நல்ல ஏற்பாடு, நம் கைக்கு இப்போது எட்டாது.

ஜப்பானைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2013 இலும் 2022 இலும் அமைச்சரவை முடிவாகவே வெளியிட்டார்கள். அதிகாரிகளும் நிபுணர்களும் எழுதுவது. சீரான நிர்வாகம் உள்ள இடத்தில் அது செல்லும். ஜேர்மனி தன் முதல் மூலோபாயத்தை 2023 ஜூனில் வெளியிட்டது. அதற்கு முன் வெளிவிவகார அமைச்சர் ஊர் ஊராகப் போய் மக்களோடு உரையாடினார். கூட்டணிக் கட்சிகளின் இழுபறியால் வெளியீடு தாமதமானது. பாதுகாப்புச் சபை ஒன்றை அமைக்கும் யோசனையும் கைவிடப்பட்டது.

பிரித்தானியாவிடமிருந்து எடுக்க வேண்டியது ஒன்று உண்டு, விலக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அங்கே மூலோபாயம் 2008 இலிருந்து வருகிறது. எழுதுவது அரசாங்கம், ஆனால் இரு சபைகளின் உறுப்பினர்களையும் கொண்ட ஒரு கூட்டுக் குழு அதைத் தொடர்ந்து ஆராய்கிறது, அமைச்சர்களை அழைத்துக் கேள்வி கேட்கிறது, அறிக்கை வெளியிடுகிறது. ஆளும் கட்சி உறுப்பினரே தன் அரசாங்கத்தைக் குடைவதை அங்கே பார்க்கலாம். இந்தக் குழு நமக்கு வேண்டும்.

விலக்க வேண்டியது, எல்லாவற்றையும் பாதுகாப்புக்குள் இழுக்கும் பழக்கம். 2010 ஆவணத்தில் பயங்கரவாதத்தோடும் இணையத் தாக்குதலோடும் தொற்றுநோயும் வெள்ளமும் முதல் தரத்தில் வைக்கப்பட்டிருந்தன. பத்து ஆண்டு கழித்துக் கோவிட் வந்தபோது, அந்தப் பட்டியலில் இருந்ததால் மட்டும் அந்நாடு ஆயத்தமாக இருந்துவிடவில்லை. அங்கே அது வெறும் திறமையின்மையோடு போயிற்று. இங்கே அப்படிப் போகாது.

சிவில் அமைப்புகளின் கருத்தரங்குகளில் வழமையாகக் கேட்கும் கோரிக்கை, பாதுகாப்பு என்பதை விரிவாகப் பாருங்கள் என்பதுதான். வறுமை, வெள்ளம், யானை, கடலரிப்பு, போதைப்பொருள், கலாசாரம் எல்லாம் மனிதப் பாதுகாப்பில் அடங்கும் என்பார்கள். ஜெனீவாவில் இருந்து கேட்டால் இனிமையாக இருக்கும். கிழக்கில் இருந்து கேட்டால் எனக்கு 2020 ஜூன் நினைவுக்கு வருகிறது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென்று ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. தலைவர், அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கமால் குணரத்ன. முதலில் அறிவித்த பட்டியலில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. கற்களும் தூண்களும் பாதுகாப்பு விடயமானது அப்படித்தான். அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பல ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. அம்பாறையின் பாணமையில் 2010 ஜூலையில் குடும்பங்கள் விரட்டப்பட்ட கரையில் பிறகு கடற்படை முகாம் வந்தது. இங்கே எந்த விடயம் பாதுகாப்பின் குடைக்குள் நுழைந்தாலும் அது சீருடையின் கைக்குப் போகிறது. போன பிறகு பிரதேச செயலாளரால்கூடத் திருப்பி எடுக்க முடிவதில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பிரச்சினையை நாளை யாராவது உணவுப் பாதுகாப்பு என்ற அத்தியாயத்தில் எழுதிவிட்டால், பண்ணையாளர்கள் மகாவலி அதிகார சபையோடு மட்டும் வாதாடிய நாட்களை எண்ணி ஏங்க நேரிடும்.

ஆகவே என் வாதம் வழமைக்கு எதிரானது. ஆவணம் குறுகியதாக இருக்க வேண்டும், அதை எழுதும் முறை அகலமானதாக இருக்க வேண்டும். திட்டமிட்டுத் தீங்கு செய்பவர்களிடமிருந்து மக்களைக் காப்பதோடு அது நிற்கட்டும். வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டங்களுக்கு அந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே பெரிய காரியம். அதற்கு இன்னொரு குடை தேவையில்லை.

இந்த இரண்டையும், அதாவது குறுகிய எல்லையையும் அகன்ற உரையாடலையும், ஒன்றாகச் செய்ய முயன்ற நாடு நியூசிலாந்து. நமக்கு மிக நெருக்கமான கதையும் அதனுடையதுதான். கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15 இல் 51 பேர் கொல்லப்பட்டார்கள். நம் உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்து வாரத்துக்கு முன்னர். அங்கே நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 2020 டிசம்பரில் 44 பரிந்துரைகளோடு அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பு அமைப்புகள் தம் வளங்களைப் பொருத்தமற்ற அளவில் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மீதே குவித்திருந்தன என்று அது எழுதியது. முஸ்லிம் பெண்கள் அமைப்பு ஒன்று தங்கள் அச்சங்களைப் பல ஆண்டுகளாக அரச நிறுவனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதும் வெளியே வந்தது. தீவிரவாதத்தைத் தடுக்கும் மூலோபாயத்தைச் சமூகங்களோடும் உள்ளூராட்சி மன்றங்களோடும் சேர்ந்து எழுதுங்கள், மக்கள் படிக்கும்படி எழுதுங்கள் என்பது பரிந்துரைகளில் ஒன்று. பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பின்னர் 2023 ஆகஸ்டில் அந்நாட்டின் முதல் தேசிய பாதுகாப்பு மூலோபாயம் ஆங்கிலத்திலும் மாவோரியிலும் தலைப்புத் தாங்கி வெளிவந்தது. முன்பு இயற்கை இடரையும் பாதுகாப்புக்குள் சேர்த்துப் பார்த்த நாடு, இந்த முறை தீங்கு நினைப்பவர்களால் வரும் அச்சுறுத்தல் என்ற எல்லைக்குள் நின்றது.

இங்கே காத்தான்குடியை நினைக்காமல் இருக்க முடியுமா? 2017 மார்ச்சில் அலியார் சந்தியில், பின்னர் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குழுவுக்கும் சூபி வழியினருக்கும் மோதல் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வூர் முஸ்லிம்களே அவரைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். ஊர் சொன்னதும் இருந்தது, அயல்நாடு சொன்னதும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்களுக்கு அப்படிப் படிக்கும் கடமையை எந்தத் தாளும் விதிக்கவில்லை. தாக்குதலுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்: அவசரகால ஒழுங்குவிதிகள், முகத்திரைத் தடை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுகள். முறையிட்ட சமூகமே சந்தேகத்துக்குரிய சமூகமாயிற்று. தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 இல் கையளிக்கப்பட்ட பிறகும் முழுத் தொகுதிகளையும் வெளியிடும்படி கத்தோலிக்க திருச்சபை தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

நியூசிலாந்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த சாட்சியங்கள் 30 ஆண்டுகளுக்கு மூடி வைக்கப்பட்டன. ஆட்சி மாறியதும் 2024 இல் பரிந்துரைகளில் சிலவற்றைக் கைவிட்டார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வருந்தின. ஐம்பது இலட்சம் பேர் வாழும், உள்நாட்டுப் போர் காணாத தலைமுறைகளைக் கொண்ட நாட்டின் முறையை அப்படியே நட்டால் இங்கே முளைக்காது.

முக்கியமாக, கருத்துக் கேட்பது என்பது கிழக்கில் புதிதல்ல. போருக்குப் பின் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2010 இல் மட்டக்களப்புக்கு வந்தது. அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்குக் கருத்துக் கேட்ட குழு 2016 இல் வந்தது. அதே ஆண்டு நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி வந்தது. நாடு முழுவதும் 7,306 முன்வைப்புகளைப் பெற்று 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை ஜனாதிபதி தம் கையால் வாங்கவில்லை. பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி ஒவ்வொரு முறையும் அதே புகைப்படத்தோடு வரிசையில் நின்றாள். இன்னொரு குழு வந்து பாதுகாப்புப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், எழுந்து போய்விடுவதற்கு அவளுக்கு முழு உரிமையும் உண்டு.

இதனால்தான் முறையைக் கேட்கும்போது நிபந்தனைகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். மாவட்டக் கச்சேரியில் ஒரு காலைப்பொழுது கூடிக் கலைவது போதாது. மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் அம்பாறையின் 20 இலும் அமர்வுகள் வேண்டும். அறையில் சீருடையும் புலனாய்வாளரும் இருக்கக் கூடாது. சிவில் உடையில் பின்வரிசையில் குறிப்பெடுக்கும் அந்த அன்பரும் சேர்த்துத்தான். பெயரை மறைத்து எழுத்தில் கொடுக்கும் வழி இருக்க வேண்டும். வரைவு தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் ஒரே நாளில் வர வேண்டும். கருத்துக் கூறும் காலம் முடிந்த பிறகு தமிழ்ப் பிரதி வந்து சேரும் அனுபவம் போதும். கேட்டவற்றில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்ற பதில் ஆவணத்தோடு சேர்த்து வெளியாக வேண்டும்.

சட்டம் வேண்டுமா என்பதில் எனக்கே சற்றுத் தயக்கம் உண்டு. 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமானதைக் கண்ட நாடு இது. பாதுகாப்பு என்ற தலைப்பில் ஒரு சட்டமூலம் வருகிறது என்றாலே அடிவயிறு கலங்கும். ஆனாலும் சட்டமூலத்தில் ஒரு வசதி இருக்கிறது: வர்த்தமானியில் வந்தால் அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அமைச்சரவை அங்கீகரித்த கொள்கை ஆவணத்துக்கு அந்த வாசல் இல்லை. எனவே ஸ்பெயினை ஒத்த மிகச் சிறிய சட்டத்தைக் கேட்கலாம். ஐந்து ஆண்டுக்கொரு முறை மூலோபாயம், ஆண்டுக்கொரு முறை பாராளுமன்றத்தில் அறிக்கை, எதிர்க்கட்சியினர் பெரும்பான்மையாக இருக்கும் ஆய்வுக் குழு. பாதுகாப்புச் சபையில் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி. இந்த ஆவணம் எவருக்கும் புதிய கைது அதிகாரமோ காணி அதிகாரமோ தராது என்ற வெளிப்படையான வாசகம். இதற்கு மேல் ஒரு பிரிவு சேர்ந்தாலும் நாம் எதிர்ப்புப் பக்கம் நிற்க வேண்டியிருக்கும்.

இரகசியப் பகுதி இருக்கட்டும், மறுக்க முடியாது. ஆய்வுக் குழு அதைப் படிக்க வேண்டும், பகிரங்கப் பகுதி அதற்கு முரண்படவில்லை என்று கையெழுத்திட வேண்டும். பாகிஸ்தான் பாணிச் சுருக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கையெழுத்துத்தான்.

பேரம் என்று வந்தால் எல்லாம் கிடைக்காது. ஐந்து ஆண்டுக் கெடுவை ஏழாக்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலேயே கெடு காற்றில் பறக்கிறது. சட்டம் அடுத்த பாராளுமன்றத்துக்குத் தள்ளிப்போனாலும் காத்திருக்கலாம். குறுகிய எல்லை, சீருடையில்லாத அமர்வு, எழுத்தில் பதில் ஆகிய மூன்றில் ஒன்றை விடச் சொன்னால், மகஜரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஆவணமே வேண்டாம் என்று சொல்வது மேல். அப்படிச் சொல்வதற்கு எல்லா அமைப்புகளின் ஒப்புதலையும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கொழும்பிலிருந்து அழைப்பு வந்த பிறகு அந்த ஒப்புதலை வாங்குவது மிகக் கடினம்.